நானே அடித்த மூன்று விடைகள்

எல்லாக் கணக்கும் சரியாக வந்துவிட்டதுதான் என் பிரச்சினை. பிளஸ் டூ கணக்குப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதிக்கொண்டிருந்தேன். முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் மார்க்குகளைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு கணக்கில் நடுவில் ஒரு படியை விட்டுவிட்டேன், அதற்கு நாலு மார்க் போகும் என்று வைத்துக்கொண்டாலும் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு வந்தது. மறுபடியும் கூட்டினேன். அதேதான். வேறு யாராக இருந்தாலும் தலைகால் புரிந்திருக்காது. எனக்குப் பயம்தான் வந்தது.

ஏனென்றால் முந்தின வருஷம் இதே பாடத்தில் நான் வாங்கியது எண்பத்து மூன்று.

எண்பதுகளின் கடைசி அது. மரக்காணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் முழுக்கக் கணக்கு வாத்தியாரே இல்லை. வருவார், வருவார் என்றே அரைப் பரீட்சை முடிந்தது. வரலாற்று வாத்தியார் வந்து கணக்குப் புத்தகத்தைப் பாடம் மாதிரி வாசித்துவிட்டுப் போவார். நாங்களும் கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தோம். பௌதிகமும் வேதியியலும் நன்றாகவே எழுதியிருந்தேன். கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. பாஸ்தான், ஆனால் எண்பத்து மூன்றை வைத்துக்கொண்டு இன்ஜினியரிங் சீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

எனக்கு இன்ஜினியரிங்தான் வேண்டும் என்று இருந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நான் பத்தாவது படிக்கும்போது உப்பளத்தை அளக்க ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒரு பெண் இன்ஜினியர். முக்காலியில் வைத்த கருவியில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு, தூரத்தில் அளவுகோல் பிடித்து நின்ற என் அப்பாவிடம், “ஐயா, கொஞ்சம் இடது பக்கம் வாங்க, ஐயா” என்றார். அங்கே உப்பு வாருகிற அப்பாவை யாரும் ஐயா போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த முக்காலிக்குப் பின்னால்தான் நான் நிற்கப் போகிறேன் என்று.

அதனால் இம்ப்ரூவ்மென்ட் எழுதினேன். அந்த வருஷம் முழுக்க அப்பா, அம்மாவோடு உப்புப் பாத்தியில் இறங்கி வேலையும் பார்த்தேன். ஒரு பழைய கணக்குப் புத்தகமும், யாரோ எழுதி முடித்துக் கொடுத்த பழைய வினாத்தாள் கட்டும்தான் எனக்கு வாத்தியார். மத்தியானம் சோற்று வேளையில் ஈர வரப்பின்மேல் குச்சியால் கணக்குப் போடுவேன். வராத கணக்கைத் திட்டுவேன், நிஜமாகவே வாய்விட்டுத் திட்டுவேன். அம்மா, “யாரை அந்தத் திட்டு திட்டுற?” என்பாள். நாலைந்து மாதம் இப்படிச் சண்டை போட்ட பிறகு ஒவ்வொன்றாக வழிக்கு வந்தது. தை மாதத்துக்குள் அந்தப் புத்தகத்தில் எனக்கு வராத கணக்கு இல்லை. இதைச் சொல்வதில் எனக்கு அப்போதும் கூச்சமில்லை, இப்போதும் இல்லை.

பயத்தை என் தலையில் ஏற்றியது பள்ளிக்கூடத்து கிளார்க். இம்ப்ரூவ்மென்ட் ஃபாரம் நிரப்பப் போனபோது என் பழைய மார்க்கைப் பார்த்தார்.

“எண்பத்து மூணா? எவ்ளோ ஏத்தலாம்னு இருக்க?”

“நூத்தித் தொண்ணூறாவது வாங்கணும் சார்.”

“அடேங்கப்பா! நூறுக்கு மேல ஏறுச்சுன்னா சும்மா விட மாட்டாங்கம்மா. மெட்ராஸுக்கு வரச் சொல்லி, அவங்க முன்னாடி போர்டுல கணக்குப் போடச் சொல்லுவாங்க. முழிச்சேன்னு வச்சுக்கோ, மூணு வருஷம் பரீட்சையே எழுத முடியாது.”

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, தெரிந்துதான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு அது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. தாளில் எந்தக் கணக்கையும் போட்டுவிடுவேன். ஆட்கள் முன்னால் சாக்பீஸைக் கையில் கொடுத்தால் ஏழாம் வாய்ப்பாடே மறந்துவிடும். போதாததற்கு எனக்கு விழுந்த சென்டரில் முந்தின வருஷம் பிட் அடித்தார்கள் என்று ஒரு ஹால் முழுவதற்கும் ரிசல்ட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இந்தப் பயத்தை உதறிவிடுகிற வீட்டில் நான் பிறக்கவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் வேறு. எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு சீசனில் அப்பாவின் பாத்தியில் மற்றவர்களைவிட அதிகமாக உப்பு விளைந்தது. பாத்தித் தரையை மற்றவர்களைவிட நாலு நாள் கூடுதலாக மிதித்து இறுக்கியிருந்தார், அவ்வளவுதான் ரகசியம். வாரி வரப்பில் கூட்டியபோது அவருடைய உப்பு அம்பாரம் மட்டும் வரிசையில் ஒரு முழம் எழும்பி நின்றது. பாத்தி பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரி வந்தார். “பக்கத்துப் பாத்தியில கை வச்சியா, இல்ல சேத்தோட வழிச்சு ஏத்திட்டியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஒரு குடத்துத் தண்ணீரில் அந்த உப்பை இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கினார்கள். சேறு அடியில் தங்குகிறதா என்று சுற்றி நின்று பார்த்தார்கள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. மேஸ்திரி சரி என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அடுத்த சீசனுக்கு அப்பாவுக்குக் கிடைத்தது கடைசிக் கோடியில், தண்ணீர் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு எட்டிப் பார்க்கிற பாத்தி.

அதிலிருந்து அப்பா ஒரு வேலை செய்வார். மேஸ்திரி வருவதற்கு முன்னால் வரப்பில் நின்று இரண்டு பக்கத்து அம்பாரங்களையும் கண்ணால் அளப்பார். தன்னுடையது உயரமாகத் தெரிந்தால் உச்சியைப் பலகையால் வழித்துப் பாத்தியிலேயே தள்ளிவிடுவார். தான் வாரிய நல்ல உப்பு மறுபடியும் தண்ணீரில் கரைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்டால், “யாரும் சந்தேகப்படாம இருந்தாலே போதும் பாப்பா. தூக்கம் வரும்” என்பார். நான் வளர்ந்த பிறகு நானும் வழித்துத் தள்ளியிருக்கிறேன். அதை ஒரு நஷ்டமாக நினைத்ததே இல்லை. பல் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒரு வேலை.

பரீட்சையன்று காலையில் பஸ் ஏற்றிவிட வந்த அப்பா சொன்னதும் அதுதான். “நிதானமா எழுதும்மா. ரொம்ப எம்பாத.”

இப்போது ஹாலுக்கு வருகிறேன். நூற்றுத் தொண்ணூற்றாறில் எண்பத்து மூன்று போனால் நூற்றுப் பதிமூன்று. கிளார்க் சொன்ன நூறைத் தாண்டிப் பதிமூன்று. நான் இதை மனத்துக்குள் கழித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிட் பிடிக்க வருகிற ஸ்குவாடு. இரண்டு ஆண்கள், ஒரு மேடம். மேடம் பெண்கள் வரிசையில் வந்தார். நேராக என்னிடம்.

“கையில என்ன கட்டு?”

வலது கை விரல்கள் இரண்டில் துணி சுற்றியிருந்தேன். உப்பில் வேலை செய்கிறவர்களுக்கு விரல் இடுக்கில் வெடித்துப் புண்ணாகிவிடும். எங்கள் ஊரில் அதை யாரும் ஒரு பொருட்டாகவே பார்ப்பதில்லை. இங்கே அது பிட் ஒளிக்கிற இடம்.

“உப்புப் புண்ணுங்க மேடம்.”

“அவுத்துக் காட்டு.”

அவிழ்த்தேன். துணியை உதறிக் காட்டினேன். காய்ந்த இடம் பிய்ந்து ரத்தம் வந்தது. மேடத்தின் முகம் கொஞ்சம் சுருங்கியது. சுற்றிக்கொள் என்று கையைக் காட்டிவிட்டு என் விடைத்தாளை எடுத்துப் புரட்டினார். அடிஷனல் ஷீட்டே ஏழோ எட்டோ, நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தேன்.

“எல்லாமே எழுதிட்டியா? ஒரு மணி நேரம் இருக்குதே. இம்ப்ரூவ்மென்ட்டா?”

“ஆமாங்க மேடம்.”

“போன தடவை எவ்ளோ?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “எண்பத்து மூணுங்க.”

“ம்” என்றார். அவ்வளவுதான். விடைத்தாளை வைத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். அந்த ஒரு ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று நான் எத்தனையோ வருஷம் மண்டையைக் குடைந்திருக்கிறேன். ஒரு அர்த்தமும் இருந்திருக்காது. வெயிலில் ஹால் ஹாலாக ஏறி இறங்குகிற அம்மாளுக்கு அதற்குமேல் பேச வாய் வராமல் இருந்திருக்கும். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் நம்பரை அவர் மனத்தில் குறித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். விடைத்தாள் திருத்துகிற இடத்துக்கு இந்த மேடம் போன் போடுவார், அங்கே என் தாளைத் தனியாக எடுத்து வைப்பார்கள், மெட்ராஸில் ஒரு கரும்பலகை எனக்காகக் காத்திருக்கும். பதினெட்டு வயதில் கற்பனைக்கா பஞ்சம்?

துணியை மறுபடியும் விரலில் சுற்றிக்கொண்டேன். பிறகு கணக்குப் போட்டேன், அன்றைக்குப் போட்ட கணக்குகளிலேயே கேவலமான கணக்கு அது. நூற்று எண்பத்திரண்டுக்கு மேல் போகக் கூடாது. பத்து மார்க் விடை ஒன்றை அடித்தால் நூற்று எண்பத்தாறு. ஆறு மார்க் ஒன்றை அடித்தால் நூற்று எண்பது. திருத்துகிறவர் எங்கேயாவது தாராளமாக மார்க் போட்டுவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஆறு மார்க். நூற்று எழுபத்து நாலு. ஏற்றம் தொண்ணூற்றொன்று. யாரும் கேட்க மாட்டார்கள்.

எதை அடிப்பது? சுமாராகப் போட்டதை அடித்திருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. தேடித் தேடி, அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக வந்திருந்த பத்து மார்க் விடையை எடுத்தேன். அது அவ்வளவு சுத்தமாக இருந்ததால் பார்க்கிறவர்களுக்கு என்னுடையதாகத் தெரியாது என்று பட்டது. மூலைக்கு மூலை கோடு இழுத்தேன். பேனா தாளைக் கீறிக்கொண்டு போன சத்தம் பக்கத்துப் பெண்ணுக்குக்கூடக் கேட்டிருக்கும், திரும்பிப் பார்த்தாள். மற்ற இரண்டையும் அதே மாதிரி அடித்தேன். பெல் அடித்ததும் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. தொண்ணூற்றொன்று மட்டும் கொஞ்சமா என்று ஆரம்பித்தது. நூறு என்று கிளார்க் சொன்னது தப்பாக இருந்தால்? எண்பது என்று இருந்தால்? சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டே எனக்கு நானே மனத்துக்குள் கரும்பலகைப் பரீட்சை வைத்துக்கொண்டேன். தபால்காரர் சைக்கிள் எங்கள் தெருவில் திரும்பினால் வாசலுக்கு ஓடுவேன். அம்மா அதைக் கவனித்துவிட்டு வேறு ஏதோ விவகாரம் என்று நினைத்து இரண்டு நாள் என்னைத் துருவித் துருவிக் கேட்டாள். அந்த ஆத்திரத்தில் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

மார்க் ஷீட் வாங்கப் போன அன்று கவுண்டரில் அதே கிளார்க். பெரிய நோட்டைத் திருப்பி, “இங்க கையெழுத்துப் போடு” என்றார். போட்டேன். மார்க் ஷீட்டை நீட்டினார். கணக்கு: நூற்று எழுபத்து நாலு. நான் கூட்டிப் பார்த்ததிலிருந்து ஒரு மார்க்கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இல்லை. அப்படியானால் அந்த நூற்றுத் தொண்ணூற்றாறும் நிஜம். அந்த நினைப்பு வந்ததும் வாய் கசந்தது. ஆனாலும் பயம்தான் முந்திக்கொண்டது. அவர் ஏதாவது கேட்பார் என்று நகராமல் நின்றேன். கேட்கவில்லை. என்னால் அடக்க முடியவில்லை.

“சார், போன வருஷம் எனக்கு எண்பத்து மூணு.”

“அப்படியா? பரவாயில்லையே” என்றார். “அடுத்தது யாரும்மா?”

மெட்ராஸ் பற்றித் தான் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை.

நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தேன், அதில் நல்ல மார்க்தான். ஆடி மாதம் மெட்ராஸில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் அப்பாவும் திண்டிவனம் போய் பஸ் பிடித்துப் போனோம். பலகையில் என் நம்பர் இல்லை. அப்பாவுக்கு எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். என் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மேலிருந்து கீழே இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தார். பிறகு விசாரிக்கிற ஜன்னலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். என் தாள்களை வாங்கிப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் கூட்டிக் கழித்தார்.

“கிட்ட வந்து விட்டுட்டியேம்மா. கணக்குல ஒரு எட்டு மார்க் கூட இருந்திருந்தா உள்ள வந்திருப்ப.”

எட்டு. நான் அடித்தது இருபத்திரண்டு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேலும் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

“சார், பழைய மார்க்குக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தா... கூப்பிட்டு விசாரிப்பீங்களா?”

அவருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. “எதுக்கு விசாரிக்கணும்? ரெண்டுல எது ஜாஸ்தியோ அதை எடுத்துப்போம். பழசை யாரும்மா பார்க்கறாங்க?”

என் எண்பத்து மூன்றை இந்த உலகத்தில் என்னைத் தவிர ஒருத்தரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ் செங்கல்பட்டைத் தாண்டியிருந்தது. அப்பா, “எட்டு மார்க்குதானே பாப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நடந்தது அத்தனையையும் கொட்டினேன். ஸ்குவாடு, கட்டு, கிளார்க், நூறு, மூன்று விடைகள், இருபத்திரண்டு மார்க்.

அப்பா கேட்டார், “அந்த மூணும் தப்பா இருந்துச்சா?”

“இல்ல. மூணும் சரி.”

“சரின்னு தெரிஞ்சேவா அடிச்ச?”

“யாரும் சந்தேகப்படாம இருந்தா போதும்னு நீதானே சொல்லுவ! நீ சொன்னதைத்தான் நான் செஞ்சேன்!” என்று கத்திவிட்டேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திண்டிவனத்தில் இறங்குகிறவரை அவர் திரும்பவே இல்லை. சொன்னதை வாபஸ் வாங்க எனக்கு மனசு வரவில்லை, சொன்னதற்காக அழாமலும் இருக்க முடியவில்லை.

மூன்றாம் தடவை எழுத நான் ஒத்துக்கொள்ளவில்லை. பி.எஸ்சி. கணக்குக்கு விண்ணப்பம் போட்டேன், அந்த வழியிலேயே என் பிழைப்பும் போனது. அது வேறு கதை. இங்கே சொல்ல வேண்டியது, மெட்ராஸிலிருந்து வந்த மூன்றாம் நாள் பாத்தியில் நடந்தது.

காலை பத்து மணி இருக்கும். மேஸ்திரி வரப்போடு நடந்து வந்தார். எங்கள் பாத்திக்கு நேரே நின்று கேட்டார்.

“என்னய்யா, பொண்ணுக்கு இன்ஜினியரிங் சீட்டு என்ன ஆச்சு?”

“கிடைக்கலீங்க.”

“மார்க் பத்தலியா?”

அப்பா மேஸ்திரி முன்னால் எப்போதும் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். அன்றைக்கு நிமிர்ந்தார். பக்கத்துப் பாத்திக்காரர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

“கணக்குல நூத்தித் தொண்ணூத்தாறுங்க என் பொண்ணு.”

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நூத்தித் தொண்ணூத்தாறா? அவ்ளோ போட்டுமா குடுக்கல?”

“நாங்க பயந்துட்டோங்க” என்றார் அப்பா.

மேஸ்திரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார். என் மார்க் ஷீட்டில் இருந்தது நூற்று எழுபத்து நாலு. அப்பாவுக்கும் அது தெரியும். நான் திருத்தவில்லை.